ஏழாவது மெஷின்

“நீச்சல் குளத்தைச் சுத்தம் பண்ண என் தம்பி ஒரு மெஷின் வாங்கியிருக்கான் சார். அதனால எங்க அப்பா சாகப்போறார்.”

வந்தவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். வாயாடி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். இந்த ஆபீசுக்கு வருகிறவர்கள் முதல் கால் மணி நேரம் வெயிலையும் மாடிப்படியையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக் கதையை அவிழ்ப்பார்கள். இவளோ எடுத்த எடுப்பிலேயே சாவில் ஆரம்பித்தாள்.

“ஏன் மேடம், அந்த மெஷின் கடிக்குமா?” என்றாள் வாயாடி.

“நீ கொஞ்ச நேரம் சும்மா இரு,” என்றார் சித்தப்பா.

சித்தப்பா இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். எரிந்த கடையைப் பார்த்துவிட்டு, தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அங்கே அவருக்கு ‘சந்தேகம்’ என்றே பட்டப் பெயர். ஓய்வு பெற்றதும் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்து, துப்பறியும் ஆபீஸ் என்று பலகை மாட்டிவிட்டார். அண்ணன் மகளை உதவிக்கு வைத்துக்கொண்டார். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாயாடி. வயது முப்பது ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. போக அவள் விட்டதும் இல்லை.

வந்தவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நன்றாகத் தூங்கிப் பல மாதம் ஆனவள் என்று வாயாடி நினைத்தாள்.

“அப்பா துறைமுகத்துல கிரேன் இன்ஸ்பெக்டரா இருந்தவர் சார். அவர் கையெழுத்து போடாம ஒரு கிரேனும் அசையாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால பக்கவாதம் வந்துச்சு. வலது கை விழுந்துடுச்சு. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். பேச்சு சுத்தமா போச்சு. நாம சொல்றது எல்லாம் புரியும், ஆனா அவருக்கு ஒரு வார்த்தை வராது. இடது கையால ஏதாவது கிறுக்குவார், அவ்வளவுதான். தண்ணிக்குள்ள நடந்தா காலுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னதால, தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் குளத்துல இறங்குவார். மார்பளவு தண்ணி. ஓரத்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நடப்பார்.”

“கூட யாரு இருப்பாங்க?”

“குளம் சுத்தம் பண்ற ஆள் சார். மூணு மாசமா வர்றான். கரெக்டா நாலு மணிக்கு வந்து இலையை அள்ளுவான், அடியைத் தேய்ப்பான், அப்பா வெளிய வர்ற வரைக்கும் அங்கேயே நிப்பான். போன சனிக்கிழமை தம்பி அவனை நிறுத்திட்டான். ஒயர் இல்லாத ரோபோ மெஷின் வாங்கிட்டேன், சார்ஜ் போட்டுத் தண்ணியில விட்டா அதுவே சுத்தம் பண்ணிடும், இனிமே ஆள் எதுக்குங்கறான்.”

“உங்க தம்பி அந்த நேரத்துல வீட்டுல இருக்க மாட்டாரா?”

“மாடியில உக்காந்துதான் வேலை பாப்பான். ஆனா இன்னைக்குக் காலையில ரெண்டு நாள் வேலைன்னு வெளியூர் போயிட்டான். சமையல்காரம்மா மூணு மணிக்குப் போயிடுவாங்க. நான் நாலு மணிக்கு ஆபீஸ்ல இருப்பேன். குளத்துல அப்பாவும் அந்த மெஷினும்தான்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மெஷின் ஓடறப்ப யாரும் தண்ணியில இறங்கக் கூடாதுன்னு அதோட பெட்டி மேலயே போட்டிருக்கு சார்.”

“இன்னைக்கு ஒரு நாள் இறங்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிப் பாக்கலாமே?” என்றாள் வாயாடி.

“கிரேனையே நிறுத்தினவர். அவரை யார் நிறுத்தறது?”

சித்தப்பா மூக்கின் நுனியைத் தடவினார். அது நல்ல அறிகுறி என்பது வாயாடிக்குத் தெரியும். எங்கோ ஒரு முடிச்சின் நுனி அவர் கையில் சிக்கியிருக்கிறது.

“உங்க தம்பி வாங்கினது மெஷினை இல்லம்மா,” என்றார் மெதுவாக. “குளத்தோரம் ஒரு ஆள் நிக்காம இருக்கறதை வாங்கியிருக்கார். மெஷின் அதுக்கு ஒரு சாக்கு. அவரும் ஊர்ல இல்ல. ஏதாவது ஆச்சுன்னா யாரும் அவரைக் கை காட்ட முடியாது.”

வந்தவளின் கண் கலங்கியது. “இதைத்தான் சார் எனக்குச் சொல்லத் தெரியல. நான் சொன்னா தம்பி எரிஞ்சு விழுவான். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா...”

சித்தப்பா யோசிக்கவே இல்லை. லெட்டர் பேடை இழுத்து இரண்டு வரி எழுதினார். பெரியவர் தண்ணீரில் இருக்கும்போது குளத்தருகே ஆள் நிற்பது அவசியம், பழைய பணியாளரை இன்றே திரும்ப அழைத்துக்கொள்ளவும், மெஷினைத் தற்சமயம் இறக்க வேண்டாம். கீழே கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப். அவள் அதை இரண்டு முறை படித்தாள். நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பார்க்க வாயாடிக்கே சந்தோஷமாக இருந்தது.

“ஒரு உசுரைக் காப்பாத்திட்டோம் சித்தப்பா,” என்றாள் வாயாடி, வந்தவள் போன பிறகு.

“இன்னும் இல்ல. அந்தத் தம்பி எப்படிப்பட்டவன்னு பாக்கணும். மெஷின் வாங்கின கடைக்குப் போவோம். ஒருத்தன் பொருள் வாங்கறப்ப என்ன கேக்கறான்னு தெரிஞ்சா, அவன் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதைக் காலையிலேயே செய்திருக்கலாம்.

இன்னொரு வேலையை முடித்துவிட்டு அவர்கள் கடைக்குப் போனபோது மணி மூன்று இருபது. வானம் மூட்டமாக இருந்தது. கடைக்குள் நுழைந்ததுமே குளோரின் நெடி தொண்டையைப் பிடித்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் அடியில் ஆமை மாதிரி ஒரு மெஷின் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் முட்டும், சற்று நிற்கும், திரும்பிப் போகும். வாயாடிக்கு அதைப் பார்க்க என்னவோ பிடிக்கவில்லை.

கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார். “வாங்க சார், வாங்க மேடம். குளம் என்ன சைஸ்? டைல்ஸா, பெயின்ட்டா? பக்கத்துல மரம் உண்டா?”

“எங்க வீட்டுல இருக்கறது ஒரு பக்கெட்,” என்றாள் வாயாடி. “அதுக்குச் சின்ன சைஸ்ல ஏதாவது காட்டுங்க.”

சித்தப்பா தன் கார்டை நீட்டி, தம்பியின் விலாசத்தைச் சொன்னார். விற்பனையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அந்த சாரா! மூணு வாரம் என் உயிரை எடுத்துட்டார் சார். ஒயர் வச்ச மெஷின்தான் நல்லா தேய்க்கும், நாள் பூரா ஓடும், அதை எடுத்துக்குங்கன்னேன். ஒயரே கூடாதுன்னுட்டார். சரின்னு ஒயர் இல்லாததுல ஏழு மெஷின் காட்டினேன். ஆறை வேணாம்னுட்டார். அவங்க குளத்துக்கு ஏத்தது இந்த நாலாவது. சுவர்ல ஏறும், தண்ணி மட்டத்துல படியற அழுக்கைத் தேய்க்கும், ஒரு தடவை சார்ஜ் போட்டா ரெண்டரை மணி நேரம் ஓடும். மெல்லிசு வலை, மணல்கூட தப்பாது. கடைசியில வாங்கினது எது தெரியுமா? அந்த ஏழாவது. சுவர்ல ஏறாது. ஒரு மணி நேரத்துல மூச்சு வாங்கிடும். குளத்துக்கு அது ஒப்புக்குச் சப்பாணி சார்.”

“அப்ப அவருக்குக் குளம் சுத்தமாகறதுல அக்கறை இல்ல,” என்றாள் வாயாடி, சித்தப்பாவை அர்த்தத்தோடு பார்த்து. சித்தப்பா தலையாட்டினார். எல்லாம் அவர் சொன்னபடியே போய்க்கொண்டிருந்தது.

“இதெல்லாம் என்ன கனம் இருக்கும்?” வாயாடி நாலாவது மெஷினின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

“ரெண்டு கையால பிடிங்க மேடம். தண்ணியிலேர்ந்து எடுக்கறப்ப இன்னும் கனக்கும். எல்லாரும் ரெண்டு கையாலதான் தூக்குவாங்க. ஒரே ஒரு கஸ்டமர்தான் ஒரு கையால தூக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். அதே சார்தான்.”

சித்தப்பாவின் கை மூக்கு நுனியில் அப்படியே நின்றது.

“ஒரு கையாலன்னா சொன்னார்?”

“சொல்லல சார், எழுதி எடுத்துட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பர். நான் பதில் எழுதிக் குடுப்பேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார், மறுநாள் சிவப்பு மையில அடிச்சுத் திருப்பிக் கொண்டு வருவார். இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல. அதனால தூக்கிப் போட மனசு வரல.”

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து விரித்தார். நாலைந்து காகிதங்கள். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போகிற குழந்தை எழுதியது மாதிரி இருந்தது. ஆனால் வாசகங்கள் குழந்தை எழுதியவை அல்ல.

ஒயர் உண்டா? உண்டு என்றால் வேண்டாம். காலில் சுற்றும்.

இடது கையால் மட்டும் தூக்க முடியுமா?

மெஷினை வெளியே எடுக்கக் கம்பு தேவையா? தேவை என்றால் வேண்டாம்.

சுத்தம் செய்யும் தரம்: முக்கியமில்லை.

அதற்குக் கீழே ஆறு மெஷின்களின் எண்கள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் காரணம். முதல் மெஷின், கம்பு தேவை. இரண்டாவது, கம்பு தேவை. நாலாவது, கனம், கம்பு தேவை. ஆறாவது வரைக்கும் கம்பு, கம்பு, கம்பு.

“என்ன கம்பு இது?” என்றார் சித்தப்பா. குரல் மாறியிருந்தது.

விற்பனையாளர் மூலையில் சாத்தியிருந்த ஒன்றைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு அடி நீள அலுமினியக் கம்பு. நுனியில் வலையோ பிரஷ்ஷோ கொக்கியோ மாட்டிக்கொள்ளலாம். “குளம் வச்சிருக்கற எல்லார் வீட்டுலயும் இருக்கும் சார். ஒயர் இல்லாத மெஷின் பேட்டரி தீர்ந்தா அடியில உக்காந்துடும். கம்புல கொக்கியை மாட்டித்தான் இழுக்கணும். கம்பு இலவசமாவே தர்றேன்னேன். ‘வீட்டில் கம்பே இருக்கக் கூடாது’ன்னு பதில் வந்துச்சு. அந்த ஏழாவது மட்டும்தான் வேலை முடிஞ்சதும் தானா மேல மிதந்து ஓரத்துக்கு வந்து நிக்கும். கையை நீட்டி எடுத்துக்கலாம். அதனாலதான் அது.”

“வாங்க வந்தவருக்கு ரெண்டு கையும் நல்லா இருந்துச்சா?”

“நல்லாத்தான் சார் இருந்துச்சு. பெட்டியை அவரேதான் கார் டிக்கியில ஏத்தினார்.”

சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. எரிந்த கடைகளுக்கு நடுவே அசராமல் நின்ற மனுஷன் அந்தக் கடையில் கையை ஊன்றிக்கொள்ள மேஜையைத் தேடினார்.

“என்ன சித்தப்பா?”

“மெஷினை வாங்கினது மகன். தேர்ந்தெடுத்தது பெரியவர். வலது கை விழுந்தவர், இடது கையால எழுதின பேப்பர் இது. நான் ஒரு முட்டாள். கிரேன் இன்ஸ்பெக்டர் எந்த மெஷின் நல்லா வேலை செய்யும்னு கேக்க மாட்டார். எது ஆளைக் கொல்லும்னு கேட்டு, அதை வேணாம்னு எழுதுவார். ஆயுசு முழுக்க அதைத்தான் எழுதியிருக்கார். இதுலயும் அதையே எழுதியிருக்கார் பாரு. ஆறு தடவை.”

“கம்பு...”

“கம்பு பிடிக்கறவன். அவன் குளத்துப் பக்கமே வரக் கூடாதுன்னுதான் இந்த மெஷின். ஆள் இல்லாம இருக்கறதை வாங்கினது கொல்றதுக்கு இல்லடி. பொழைக்கறதுக்கு. அந்த ஆளை இன்னைக்கு நாலு மணிக்கு வரச் சொல்லி நான் ஸ்டாம்ப் போட்டுக் குடுத்திருக்கேன்.”

மணி மூன்று நாற்பத்திரண்டு.

காரை வாயாடி ஓட்டினாள். வேறு நாளாக இருந்தால் வழியில் குறுக்கே வருகிறவர்களின் பரம்பரையையே விசாரித்திருப்பாள். இன்று வாய் திறக்கவில்லை. பக்கத்தில் சித்தப்பா காலையில் வந்தவளின் நம்பரை அழுத்தினார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தெரிந்த போலீஸ் இன்ஸ்பெக்டரைப் பிடித்தார். அரை மணியாவது ஆகும் என்றார் அவர். பிறகு கடைக்காரர் கொடுத்த தம்பியின் நம்பர். மூன்றாவது தடவைதான் எடுத்தான். சித்தப்பா போனைச் சத்தமாக வைத்தார்.

“குளத்துக்கு வர்ற அந்த ஆளை யார் தம்பி வேலைக்கு வச்சது?”

“அக்காதான் சார். ஏன்?”

“அப்பா ஏன் அவன் வேணாம்னார்?”

“காரணமெல்லாம் அப்பா எழுதல சார். அவன் வந்தாலே மூஞ்சியைத் திருப்பிக்குவார். போன மாசம் ஒரு நாள் தண்ணியை விழுங்கி ரொம்பத் திணறிட்டார். கால் வழுக்கிடுச்சுன்னு எழுதிக் காட்டினார். அதுக்கு மறுநாள்லேர்ந்துதான் மெஷின், மெஷின்னு ஒரே பிடிவாதம். அவன் இருக்கறப்ப நான் கூட வந்து நின்னாத்தான் தண்ணியில இறங்குவார். பழைய பழக்கம், மெஷின் கிறுக்குன்னு நினைச்சு நானும் அலைஞ்சேன். என்ன சார் ஆச்சு?”

“அக்கா பேரை அவர் எழுதவே இல்லையா?”

“அக்காவைப் பத்தி எதுக்கு சார் எழுதணும்?”

சித்தப்பா போனை வைத்தார். “ஒரு வரி எழுதியிருந்தா போதும். மகளைப் பத்தி அந்த ஒரு வரியை எழுத மனசு வராம, மூணு வாரம் உக்காந்து ஏழு மெஷினைப் பரிசோதிச்சிருக்கார். அவளையும் காட்டிக் குடுக்காம, உசுரும் போகாம இருக்க ஒரு வழி. அதைப் போய் நான் அடைச்சேன்.”

“நம்மகிட்ட எதுக்கு வந்தா?”

“ஆளைத் திரும்ப வரவழைக்க ஒரு சாக்கு வேணும். தம்பி கேட்டா காட்ட ஒரு பேப்பர் வேணும். நாளைக்குப் போலீஸ் கேட்டாலும் அதே பேப்பர்தான். நம்ம தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டா.”

வீட்டுக்கு முன்னால் கார் நின்றபோது நாலு மணி தாண்டி ஏழு நிமிஷம். உயரமான சுற்றுச்சுவர். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாசலில் மெஷினின் அட்டைப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அழைப்பு மணியை அடித்ததும் அவளே வந்தாள். புடவையை மாற்றி, முகம் கழுவியிருந்தாள்.

“வாங்க சார். என்ன இவ்வளவு தூரம்? காபி போடறேன், உக்காருங்க.”

“நாலு மணிக்கு ஆபீஸ்ல இருப்பேன்னீங்க?” என்றாள் வாயாடி.

“நீங்க சொன்னதுக்கப்புறம் மனசு கேக்கல. லீவு போட்டுட்டேன்.” வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்பா தண்ணியில இருக்கார். அவர் இறங்கின பிறகு அந்த ஆளும் வந்துட்டான், கூடவே நிக்கறான். இப்ப போனா அப்பா கூச்சப்படுவார். கொஞ்சம் பொறுங்களேன்.”

வீட்டின் பின்பக்கம் குளம். ஒருவர் தண்ணீரில் நடந்தால் சலசலப்பு கேட்க வேண்டும். வாயாடி காதைத் தீட்டிக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. அவள் குனிந்து, அந்தக் கைக்கு அடியில் புகுந்து ஓடினாள்.

கூடம், சாப்பாட்டு அறை, அதைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கதவு. கதவைத் தள்ளியபோது அவள் கண்டதை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள் குளத்தோரம் சாவகாசமாக நின்றிருந்தான். அவன் கையில் அந்த நீளக் கம்பு. நுனியில் மெத்தென்ற பிரஷ். தண்ணீரில் பெரியவர் மல்லாந்து, முகம் மட்டும் வெளியே தெரிய, வாயைத் திறந்து திறந்து மூடினார். இடது கையைச் சுவரை நோக்கி நீட்டினார். விரல்கள் சுவரைத் தொடப் போகிற நேரத்தில் பிரஷ் அவர் மார்பில் வந்து உட்கார்ந்தது. அடிக்கவில்லை, குத்தவில்லை. ஒரு முழம் தள்ளிவிட்டது. அவர் மூழ்கி எழுந்து மறுபடி கையை நீட்டினார். மறுபடி அதே மெதுவான தள்ளல். உடம்பில் ஒரு கீறல்கூட விழாது. மூன்றாவது தடவை முகமும் உள்ளே போயிற்று.

வாயாடிக்கு நீச்சல் தெரியாது. அது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. பாய்ந்து கம்பின் நடுவில் இரண்டு கையாலும் தொங்கினாள். ஆள் தடுமாறிக் கம்பை விட்டான். அவள் கம்போடு தண்ணீரில் விழுந்தாள். கால் தரையில் பட்டது. பெரியவரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, சுவரில் சாய்த்துப் பிடித்தாள். அவர் இருமினார். தண்ணீராகக் கக்கினார். அந்த இருமல் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தப்பாவும் அந்த ஆளுமாகப் பெரியவரை மேலே தூக்கினார்கள். ஆம், அந்த ஆளும்தான். எல்லாரையும் முந்திக்கொண்டு அவன்தான் குனிந்து கை கொடுத்தான்.

“பெரியவர் வழுக்கிட்டார் சார். பிடிச்சுக்கட்டும்னு கம்பை நீட்டினேன். இந்தப் பொண்ணு வந்து கெடுத்துடுச்சு.”

“பொய்!” என்றாள் வாயாடி, பல் கிடுகிடுக்க.

மகள் கண்ணாடிக் கதவருகே நின்றாள். கைப்பையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். “சார், ஆள் நிக்கணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அவன் நின்னதாலதான் அப்பா பொழைச்சார். வேற மாதிரி ஏதாவது சொல்லணும்னா அப்பாவையே கேளுங்க. அவருக்கு நல்லா எழுத வரும்.”

அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவையும் சின்ன நோட்டையும் எடுத்துப் பெரியவரின் மடியில் வைத்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்திருந்தவர் பேனாவை இடது கையில் வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாக இழுத்தார்.

கால் வழுக்கியது. அவன் காப்பாற்றினான்.

மகள் எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்ததும் அவள் முகம் கோணியது. வெற்றி பெற்றவளின் முகம் இல்லை அது. “ஏம்ப்பா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு வருஷம்ப்பா. ஒரு நாள் நான் தூங்கல. தம்பி கடைக்குப் போய் ஒரு மெஷின் வாங்கிட்டு வந்தா அவன் நல்ல பிள்ளை. உன் மலத்தை அள்ளினது நான்.”

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் உள்ளே வந்தார்கள். ஆள் மறுபடி முந்திக்கொண்டு அதே கதையைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் நோட்டிலிருந்ததைப் படித்தார். “அவரே எழுதியிருக்காரே சார்,” என்றார் சித்தப்பாவிடம்.

“நான் வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு,” என்றார் சித்தப்பா. “கண்ணால பாத்தது இவ ஒருத்திதான்.”

எல்லாரும் வாயாடியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் துப்பட்டா இழுபட்டது. பெரியவரின் இடது கை ஈரத் துணியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றது அந்தக் கண். கெஞ்சியது. சற்று முன் தண்ணீரிலிருந்து சுவரைத் தேடிய போதுகூட அந்தக் கண் இப்படிக் கெஞ்சவில்லை.

அவள் மகளைப் பார்த்தாள். இன்றைக்கு இவர்கள் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டால், இந்த வீட்டில் இந்த இரண்டு பேரும் மட்டும் இருப்பார்கள். நாளைக்கும் மணி நாலு அடிக்கும்.

“நான் பாத்தேன் சார்,” என்றாள் வாயாடி. “அவர் கை சுவரைத் தொட வந்தப்பல்லாம் இவன் கம்பால தள்ளினான். மூணு தடவை. பிடிச்சுக்கக் குடுத்தவன் தன் பக்கம் இழுப்பான் சார். இவன் வெளிய தள்ளினான்.”

பெரியவரின் கை துப்பட்டாவை விட்டது.

ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பாதி எழுதும்போதே அந்த ஆள் உடைந்து, “மேடம் சொன்னாங்க, சுவரு எட்டாம இருந்தா போதும்னாங்க,” என்று உளற ஆரம்பித்தான். மகள் அதை மறுக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் எழுந்திருக்கச் சொன்னதும் எழுந்தாள். அப்பாவைக் கடந்து போகும்போது, நழுவிக் கிடந்த துண்டை எடுத்து அவர் தோளில் சரியாகப் போர்த்திவிட்டுப் போனாள்.

ஜீப் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரைக்கும் பெரியவர் அசையவில்லை. பிறகு நோட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். ரொம்ப நேரம் எழுதினார். எழுதி முடித்ததை வாயாடி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

நான் கேட்டது மெஷின் மட்டும்தான்.

வாயாடி அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“இங்க ஒரு கையெழுத்து போடும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர், அவளுடைய வாக்குமூலத்தை நீட்டி.

அவள் போட்டாள்.